மின்னலைத் தின்று வளரும் புதர்: ஷாம்ப்ளிங் மவுண்ட், ஒரு மதிப்புரை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்காக 2014இல் வெளிவந்த மான்ஸ்டர் மேனுவல் என்னும் அரக்கர் தொகுப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டிராகன்களுக்காகவே வாங்குகிறார்கள். பக்கம் பக்கமாக வரும் அந்த டிராகன்களுக்கும், அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் பிஹோல்டருக்கும் தனியாக ஒரு மதிப்புரை தேவையில்லை. இங்கே எடுத்துக்கொள்வது அதே புத்தகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செடியை. ஷாம்ப்ளிங் மவுண்ட் என்னும் இந்த ஊனுண்ணிச் செடி, சதுப்பு நிலத்தில் அழுகிய இலைகளும் கொடிகளும் சேர்ந்த ஒரு குவியலாகக் கிடந்து, கிட்டே வருகிறவரை இழுத்துத் தன் உடலுக்குள் போட்டுக்கொள்ளும். மூன்றாம், நான்காம் நிலையில், அதாவது இன்னும் தொடக்கப் படிகளில், இருக்கும் ஒரு வீரர் குழுவைக் கொல்லக்கூடிய தாவரம் என்று பார்த்தால் இதைவிட நன்றாக யோசிக்கப்பட்ட ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் புத்தகம் அதற்குச் செய்ய வேண்டியதில் பாதியைத்தான் செய்திருக்கிறது என்பது என் கருத்து. மீதிப் பாதி ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் தலையில் விழுகிறது.

இது புதிய படைப்பு அல்ல. இந்த விளையாட்டை அன்று வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் நடத்திய தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ இதழில் 1975இல் முதன்முதலாக வந்து, விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய 1977ஆம் ஆண்டின் முதல் மான்ஸ்டர் மேனுவலில் நிலையான இடம் பிடித்தது. இரண்டு கைகளாலும் அடித்து, இரண்டும் பட்டால் ஆளை உள்ளே சுருட்டிக்கொள்ளும் வழக்கமும், மின்னல் பட்டால் சாகாமல் வலுக்கும் விசித்திரமும் அந்த நாளிலேயே இதற்கு இருந்தன. 2014 வரையிலான ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் விதிகள் தலைகீழாக மாறியிருந்தும் இந்த இரண்டு குணங்களும் தப்பிப் பிழைத்திருப்பதே இதன் வடிவமைப்புக்குக் கிடைத்த சான்றிதழ்.

2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சாதாரணச் சதுப்புநிலச் செடி ஒன்றின் மேல் மின்னலோ ஃபே என்னும் தேவதைகளின் உலகத்து மாயமோ பாய்ந்து, அது இரண்டாம் பிறவி எடுத்தால் ஷாம்ப்ளிங் மவுண்ட் ஆகிறது. அந்தச் செடி தன்னைச் சுற்றியுள்ள உயிர்களை நெரித்துக் கொன்று, பிணங்களை வேரடியில் எருவாகக் குவித்து, அந்தக் குவியலையே உடலாக்கிக்கொண்டு நடமாடத் தொடங்குகிறது. உண்மையான உயிர் இருப்பது நடுவில் உள்ள வேர்த்தண்டில்தான். வெளியே தெரியும் மலை போன்ற உடல் வெறும் சருகும் கொடியும். உடலை வெட்டிச் சாய்த்துவிட்டதாக நினைத்து வேர்த்தண்டை விட்டுவிட்டால், அது மறுபடியும் துளிர்த்து எழும். ஒரே ஒரு முறை மோதி முடித்துவிடும் எதிரியை ஒரு கதை முழுக்கத் துரத்தும் எதிரியாக மாற்றிக்கொள்ள இந்த ஒரு வரி போதும். ஆனால் வேர்த்தண்டு எவ்வளவு பெரியது, அதைத் தேடி எடுக்க என்ன சோதனை, எத்தனை நாளில் மறுபடி வளரும் என்பதற்கெல்லாம் எண்களாக எதுவும் தரப்படவில்லை. கதையாக எழுதியதை விதியாக எழுதாமல் விடும் இந்தப் பழக்கம் இந்தச் செடியின் பகுதி முழுக்கத் தொடர்கிறது.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்மர் கிளாஸ் (தாக்குகிறவர் பகடையில் எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயின்ட் (சாகும் முன் தாங்கும் சேதம்) 136, வேகம் நடந்தாலும் நீந்தினாலும் 20 அடி, வலிமை 18, அறிவு 5. தீக்கும் குளிருக்கும் பாதிச் சேதம்தான். மின்னலால் சேதமே இல்லை. கண் என்று எதுவும் கிடையாது. 60 அடிக்குள் உள்ளதைப் பார்வையின்றியே உணரும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்னும் அளவு) 5, வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி 1,800. நான்கு பேர் கொண்ட ஐந்தாம் நிலைக் குழுவுக்கு இது நடுத்தர மோதலுக்கும் சற்றுக் கீழே வருகிறது. அதே நால்வர் நான்காம் நிலையில் இருந்தால் கடினமான மோதல். மூன்றாம் நிலையில் இருந்தால், உயிர்ப்பலி வாங்கும் மோதலுக்கு அந்த விதிகள் வைத்திருக்கும் 1,600 புள்ளி என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. மூன்றாம் நிலை மந்திரவாதி ஒருவருக்கு 20 ஹிட் பாயின்ட் இருப்பது வழக்கம். இந்தச் செடியின் ஓர் அடியின் சராசரிச் சேதம் 13. ஒரு சுற்றில் இரண்டு அடி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறக்குவது நல்லது.

மின்னலுக்கு வருவோம், ஏனென்றால் இந்தச் செடியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. மின்னல் சேதம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு ஹிட் பாயின்ட் அதற்குத் திரும்பக் கிடைக்கும் என்பதே விதி. எங்கள் மேசையில் மந்திரவாதியாக விளையாடும் தம்பி, பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்த செடியின் மீது லைட்னிங் போல்ட் மந்திரத்தை வீசி, எட்டு ஆறுமுகப் பகடைகளையும் உருட்டி, 31 வந்ததும் எழுந்தே நின்றுவிட்டான். நான் என் தாளில் இருந்த எண்ணை அடித்துவிட்டுப் பெரிய எண்ணாக எழுதியதை எதிரில் இருந்தவர் கவனித்துவிட்டார். “அண்ணே, கழிக்கிறதுக்குப் பதிலா கூட்டிட்டீங்க போலிருக்கே” என்றார். “இல்லப்பா, சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றதும் மேசையில் எழுந்த கூச்சலை எந்த டிராகனும் எழுப்பியதில்லை. வீரர்கள் தங்கள் மிகச் சிறந்த ஆயுதத்தைத் தாங்களே எதிரிக்கு உணவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று உணரும் அந்தக் கணத்துக்காகவே இதை மேசையில் இறக்கலாம்.

இதற்கு இயற்கையிலும் ஒரு நியாயம் இருப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பள்ளிப் பாடத்தில் படித்த நெப்பந்தசும் ட்ரோசீராவும் பூச்சிகளைப் பிடிப்பது பசிக்காக அல்ல; மாவுச்சத்தை அவை மற்றச் செடிகளைப் போல வெயிலில் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அவை வாழும் சதுப்பு மண்ணிலும் அமில மண்ணிலும் நைட்ரஜன் மிகக் குறைவாக இருப்பதால், அதைப் பூச்சியின் உடலிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மின்னல் பாயும்போது அதன் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, பிறகு மழையில் நைட்ரேட்டாகக் கரைந்து மண்ணில் இறங்குகிறது. ஆக, நைட்ரஜனுக்காகக் கொலை செய்யும் ஒரு செடிக்கு மின்னல் என்பது வானிலிருந்து விழும் உரம். வடிவமைத்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். விளையாட்டு நடத்துகிறவர் இதைத் தெரிந்துவைத்திருந்தால், புயல் நாளில் குளத்தங்கரையில் மட்டும் புல் ஏன் அவ்வளவு பசுமையாக இருக்கிறது என்று ஒரு துப்புக் கொடுக்கலாம். அப்படி ஒரு துப்பும் கொடுக்காமல் மின்னல் வலையை விரிப்பது வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஐந்தாம் பதிப்பு இந்த இடத்தில் ஒன்றை இழந்துவிட்டது. பழைய விதிகளில் மின்னல் பட்டால் செடி உண்மையாகவே பெரிதாகும், வலுவும் கூடும். இப்போது இழந்த ஹிட் பாயின்ட் மட்டுமே திரும்புகிறது. முழு வலுவோடு இருக்கும் செடியின் மேல் முதல் சுற்றிலேயே மின்னலை வீசினால், எதுவும் நடக்காமல் சப்பென்று போய்விடுகிறது. வளரும் விதியைத் திரும்பக் கொண்டுவருவதில் சிரமம் ஒன்றுமில்லை: அதிகமாக வந்த எண்ணைத் தற்காலிக ஹிட் பாயின்டாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இனி விழுங்குவது. செடியின் இரண்டு அடிகளும் ஒரே ஆளின் மேல் பட்டால், அந்த ஆள் மனித அளவோ அதற்குக் குறைவோ என்றால், உடனே கட்டுண்டு உள்ளே இழுக்கப்படுவார். வீனஸ் ஃப்ளைட்ராப் செடியின் இலையில் உள்ள மெல்லிய முடியைப் பூச்சி ஒரு முறை தொட்டால் இலை மூடாது. சுமார் 20 நொடிகளுக்குள் இரண்டாம் முறை தொட்டால்தான் மூடும். விழுந்த மழைத்துளிக்கெல்லாம் வாயை மூடி வீணாகாமல் இருக்க அந்தச் செடி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஷாம்ப்ளிங் மவுண்டின் இரட்டை அடி அதே தர்க்கத்தில் இயங்குகிறது. மேசையிலும் அது அழகாக வேலை செய்கிறது. முதல் அடி பட்டதும், இரண்டாம் பகடை உருளும் அந்த ஒரு நொடியில், யாரும் பேசமாட்டார்கள். ஆர்மர் கிளாஸ் 16 உள்ள போர்வீரருக்கு இரண்டும் படும் வாய்ப்பு 36 விழுக்காடு. 12 மட்டுமே உள்ள மந்திரவாதிக்கு அது 64 விழுக்காடு. செடி யாரைத் தேடிப் போனால் கதை விறுவிறுப்பாகும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே போனவருக்குக் கண் தெரியாது, அசைய முடியாது, மூச்சு விட முடியாது. செடியின் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் உடலுறுதிக்கான சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் பகடையில்) 14 எடுக்கத் தவறினால் சராசரி 13 சேதம். இந்த நிலையின் கொடுமை சேதத்தில் இல்லை, கண் தெரியாததில்தான் இருக்கிறது. மிஸ்டி ஸ்டெப் மந்திரம் போட்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கும் மந்திரவாதி, போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையில் மாட்டிக்கொள்கிறார். வெளியே நிற்கும் குருவும் ஹீலிங் வேர்ட் என்னும் குணமாக்கும் மந்திரத்தைப் போட முடியாமல் தவிக்கிறார், ஏனென்றால் அந்த மந்திரத்துக்கு ஆளைப் பார்க்க வேண்டும். கைவசம் உள்ள நல்ல உபாயங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், கடைசியில் உடல் பலத்தால் திமிறிக்கொண்டு வெளியே வருவதுதான் வழி என்று ஆகிறது. அதுவரை ஓரமாக நின்று மந்திரம் ஓதிக்கொண்டிருந்தவரை நடுவில் இழுத்துப் போடும் இந்த வேலையை இவ்வளவு சிக்கனமான விதியால் செய்துகாட்டியிருப்பது பாராட்டத்தக்கது.

மூச்சு முட்டுவது மட்டும் வெறும் பூச்சாண்டியாக நின்றுவிடுகிறது. அதே பதிப்பின் பொது விதிப்படி, உடலுறுதி மாற்றெண் (உடலுறுதிக்காகப் பகடையில் கூட்டும் எண்) 2 உள்ள ஒருவர் மூன்று நிமிடம் மூச்சடக்க முடியும். ஒரு சுற்று ஆறு நொடி என்பதால் அது 30 சுற்று. எந்தச் சண்டையும் அவ்வளவு நீளாது. ஆகவே “மூச்சு விட முடியாது” என்ற சொற்கள் தாளில் பயங்கரமாகவும் மேசையில் ஒன்றுமில்லாமலும் இருக்கின்றன. எதிர்பாராமல் விழுங்கப்பட்டவருக்கு மூச்சிழுத்து அடக்க நேரம் கிடைத்திருக்காது என்று தீர்மானித்து, மூச்சு தீர்ந்த பிறகு தாக்குப்பிடிக்கும் சுற்றுகளை, அதாவது இந்த உதாரணத்தில் இரண்டே சுற்றுகளை, உடனே எண்ணத் தொடங்கினால்தான் இந்தச் செடி தன் பெயரைக் காப்பாற்றும். ஆனால் இதை ஆட்டம் தொடங்கும் முன்பே வீரர்களிடம் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் சண்டை செடியோடு நிற்காது.

இன்னொரு மௌனம் இதைவிடத் தொல்லை தருவது. பர்ப்பிள் வோர்ம் என்னும் ராட்சதப் புழு போன்ற விலங்குகள் விழுங்கும்போது, உள்ளே இருப்பவருக்கு வெளியிலிருந்து வரும் தாக்குதல் எதுவும் படாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஷாம்ப்ளிங் மவுண்டுக்கு அந்த வாக்கியம் இல்லை. அப்படியானால் நண்பர்கள் வீசும் ஃபயர்பால் உள்ளே இருப்பவரையும் சுடும் என்றுதான் எழுத்துப்படி கொள்ள வேண்டும். செடிக்கோ தீயில் பாதிச் சேதம்தான், உள்ளே இருக்கும் நண்பருக்கு முழுச் சேதம். இது வேண்டுமென்றே வைத்த கொடூரமா, எழுத மறந்த வரியா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சருகுக் குவியல் புழுவின் வயிறு போல அடைத்த இடம் அல்ல என்பதால் நான் முதல் பொருளையே எடுத்துக்கொள்கிறேன். நண்பரைக் காப்பாற்றுவதா, செடியைக் கொல்வதா என்ற இழுபறி அதில்தான் பிறக்கிறது.

குறைகளில் பெரியது ஒளிந்திருப்பது பற்றியது. கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும் வேட்டைக்காரன் என்று கதைப்பகுதி வர்ணிக்கிறது. எண்களைப் பார்த்தால், ஸ்டெல்த் என்னும் ஒளியும் திறனுக்காகப் பகடையில் கூட்டுவது வெறும் 2. அசையாமல் கிடந்தால் சாதாரணப் புதரிலிருந்து பிரித்தறியவே முடியாது என்ற சிறப்பு விதி அதே புத்தகத்தில் அற்பமான ட்விக் ப்ளைட் செடிக்குக்கூடத் தரப்பட்டிருக்கிறது. புதராகவே வாழும் இதற்கு இல்லை. காட்டில் தடம் பார்த்துப் பழகிய ஒரு சுமாரான ரேஞ்சர் பாதிக்கு மேற்பட்ட தடவை இதைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் கதை முடிந்தது: வேகம் 20 அடி, உணர்வெல்லை 60 அடி, அடிக்க எட்டும் தூரம் 5 அடி. மனிதரோ 30 அடி நடப்பவர், லாங்போ வில்லின் அம்பு 150 அடி தடையில்லாமல் பாயும். திறந்த வெளியில் இறக்கிவிட்டால், சேலஞ்ச் ரேட்டிங் 5 உள்ள இந்த அரக்கன் ஒருவரையும் தொடாமல் அம்பு குத்திய வைக்கோற்போராக நின்று சாவான்.

எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடம் தண்ணீர். நீந்தப் பழகாத உடலுக்கு நீரில் ஒவ்வோர் அடியும் இரண்டு அடியாகக் கணக்காவதால், 30 அடி நடக்கும் மனிதர் 15 அடிதான் போவார். செடியோ 20 அடி நீந்தும். மெதுவாக ஊர்ந்த பிராணி ஒரே நொடியில் துரத்திப் பிடிக்கும் பிராணியாகிவிடுகிறது. தண்ணீருக்கடியில் லாங்சோர்டும் கோடரியும் வீசுகிறவர் இரண்டு பகடைகளில் குறைந்ததை எடுக்க வேண்டும். குத்தீட்டி, கத்தி, ஷார்ட்சோர்டு வைத்திருப்பவருக்கு அந்தத் தண்டனை இல்லை. உள்ளே விழுங்கப்பட்டவர் செடி போகுமிடமெல்லாம் கூடவே போவார். அறிவு 5 உள்ள பிராணிக்கு, இரை கிடைத்த பிறகு சண்டையைத் தொடர எந்தக் காரணமும் கிடையாது. அது திரும்பிக் கரையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கும். இடுப்பளவு நீரில் நண்பர் ஒருவரை வயிற்றில் வைத்துக்கொண்டு விலகிப் போகும் செடியை எப்படி மறிப்பது என்ற கேள்வி, 136 ஹிட் பாயின்டை எப்படிக் குறைப்பது என்பதைவிட எவ்வளவோ மேலான விளையாட்டு. இந்த யோசனையில் ஒரு பத்தியையாவது புத்தகம் தந்திருந்தால் புதிதாக ஆட்டம் நடத்துகிறவர்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும்.

2025இல் திருத்தி வெளியிடப்பட்ட மான்ஸ்டர் மேனுவலில் இந்தச் செடியின் கொடிகளிலேயே மின்னல் ஏறிவிட்டது. அடிபட்டவருக்குச் சேதத்தோடு மின்னல் சேதமும் சேர்ந்து விழுகிறது. சண்டை நடத்துவதற்கு இது சுலபமான வடிவம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் அடியிலேயே பொறி பறந்துவிட்டால், அதன் மேல் மின்னலை வீச எந்த வீரருக்குத் தோன்றும்? பழைய பதிப்பில் ரகசியமாக இருந்தது புதிய பதிப்பில் விளம்பரமாகிவிட்டது. இரண்டு பதிப்பும் கைவசம் உள்ளவர்களுக்கு நான் 2014ஆம் ஆண்டு வடிவத்தையே சொல்வேன்.

வாங்குவதைப் பற்றி. 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தின் அச்சிட்ட விலை 49.95 டாலர். இந்த ஒரு செடிக்காக அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை, ஏனென்றால் இதன் எண்களும் விதிகளும் விளையாட்டை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் எஸ்ஆர்டி 5.1 என்னும் விதித்தொகுப்பு ஆவணத்தில் முழுமையாக இருக்கின்றன. 2023 ஜனவரியில் அந்த ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் அதைத் தமிழில் பெயர்த்துத் தங்கள் சொந்தக் கதையில் சேர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அந்த ஆவணத்தில் இல்லாதவை படமும், மின்னலில் பிறந்த கதையும், வேர்த்தண்டைப் பற்றிய வரிகளும்தான். அவை வேண்டுமென்றால் புத்தகத்தை நண்பரிடம் ஒரு மாலை இரவல் வாங்கிப் படித்தால் போதும். மற்ற அரக்கர்களும் தேவைப்படும் நாள் வரும்போது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.